குப்பைமேடு சரியும் விதம்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்னும் இடத்தில் சுற்றியுள்ள ஊர்களின் குப்பையைக் கொட்டும் வெளி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அதைச் சுற்றி மின்வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி வேலி செயலிழந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் யாரும் அதைத் திருத்தவில்லை. காட்டு யானைகள் உள்ளே வந்து குப்பையைக் கிளறித் தின்னப் பழகின. 2022 ஜனவரி வரையான எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்கே பிளாஸ்டிக் கழிவைத் தின்று இறந்தன. பிரேதப் பரிசோதனை செய்த மிருக வைத்தியர்கள் வயிற்றுக்குள் கண்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும்தான். யானை வழக்கமாகத் தின்று செரிக்கும் எதுவும் அங்கே இருக்கவில்லை.

குப்பைமேட்டில் நிற்கும் யானைகளின் படங்கள் உலகமெங்கும் போயின. பிளாஸ்டிக்குக்கு எதிராகப் பல கட்டுரைகள் எழுந்தன. ஒரு விடயம் மட்டும் அதிகம் பேசப்படவில்லை. எந்த யானையும் பிளாஸ்டிக்கைத் தேடி வரவில்லை. மிஞ்சிய சோறு, பழத்தோல், அழுகிய மரக்கறி ஆகியவற்றின் வாசனைக்கே அவை வந்தன. அந்தச் சோறு முடிச்சுப் போட்ட ஷொப்பிங் பைக்குள் இருந்ததால் பையையும் சேர்த்து விழுங்கின. சோறு தனியாகவும் பை தனியாகவும் போயிருந்தால் அவை அங்கே வந்திருக்கவும் மாட்டா, செத்திருக்கவும் மாட்டா.

இலங்கையின் குப்பைச் சிக்கலில் பெரும்பகுதி இந்தக் கலப்பிலிருந்தே தொடங்குகிறது. நாட்டில் ஒரு நாளில் சேரும் திண்மக் கழிவு 7,000 தொன்னுக்கு மேல் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. மேல் மாகாணம் மட்டும் அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தருகிறது. உள்ளூராட்சி சபைகளின் உழவு இயந்திரங்களும் லொறிகளும் அள்ளிச் செல்வது மொத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான். மீதி வீட்டு வளவுகளில் புதைக்கப்படுகிறது, எரிக்கப்படுகிறது, அல்லது வாய்க்காலுக்குள் போகிறது. எடையில் பாதிக்கு மேற்பட்டது உக்கும் கழிவு. நம் சமையலறைகளில் தேங்காய் துருவுவோம், கீரை ஆய்வோம், மீன் வெட்டுவோம், சோற்றில் மிஞ்சியதைக் கொட்டுவோம். ஐரோப்பிய நகரமொன்றின் குப்பைப் பையை விட நம்முடையது பாரமாகவும் ஈரமாகவும் இருப்பது இதனால்தான்.

ஈரம் சிறிய விடயமல்ல. உக்கும் கழிவைத் தனியாகக் காற்றுப்படக் குவித்தால் சில மாதங்களில் அது கூட்டுப்பசளை. பொலித்தீனுக்குள் கட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அமுக்கினால் காற்று உட்புகாது. அங்கே வேறு நுண்ணுயிர்கள் வேலை செய்து மீதேன் வாயுவை உண்டாக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கக்கூடிய வாயு அது. கழிவிலிருந்து வடியும் கறுப்பு நீரில் அமிலமும் உலோகங்களும் நோய்க்கிருமிகளும் இருக்கும். பொலித்தீன் படலங்கள் அந்த நீரை இறங்கவும் விடா, வெளியேறவும் விடா. மேட்டுக்குள் நீர் தேங்கத் தேங்க அதன் எடை கூடும், அழுத்தம் கூடும், துண்டுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறையும். இதற்குப் பிறகு ஒரு நல்ல மழை போதும்.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். கொழும்பை அடுத்த கொலன்னாவை மீதொட்டமுல்லவில் குப்பைமலையின் ஒரு பக்கம் பிற்பகலில் சரிந்தது. பண்டிகை நாள் என்பதால் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். 32 பேர் இறந்தனர். இன்னும் சிலர் காணாமற் போனோர் பட்டியலிலேயே இருக்கின்றனர். சுமார் 145 வீடுகள் சேதமடைந்தன, 1,700க்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள்.

அங்கே நடந்ததை மலையிலிருந்து குப்பை உருண்டு வந்து வீடுகளை மூடியதாகவே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் மேடு நின்றது சதுப்பு நிலத்தில். அடியில் இருந்தது நீர் ஊறிய மென்மையான மண். மேலே பாரம் ஏற ஏற அந்த மண் பிதுங்கி விலகியது. மேடு அடியோடு நழுவியபோது, அடிவாரத்து நிலமே மேலெழுந்து வீடுகளைத் தூக்கித் தள்ளியது. ஒரு குப்பைமேட்டைப் பார்த்து அது பாதுகாப்பானதா என்று அதன் உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அடியில் என்ன மண் இருக்கிறது, உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்பவையே தீர்மானிக்கின்றன. இவை இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதவை.

அந்த இடம் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பின் குப்பை முன்னர் புளூமெண்டலில் கொட்டப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2009இல் அது நிறுத்தப்பட்டபோது, தற்காலிக ஏற்பாடாகக் கொழும்பு மாநகர சபைக்குக் காட்டப்பட்ட இடமே மீதொட்டமுல்ல. கொலன்னாவை நகர சபை அங்கே ஏற்கெனவே சிறிய அளவில் கொட்டி வந்தது. தற்காலிகம் எட்டு ஆண்டுகள் நீடித்தது. நாளொன்றுக்கு 800 தொன் வந்து விழுந்தது. மேடு இருபது ஏக்கர் வரை பரவியது. அயலில் வசித்தவர்கள் வீதியில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், ஊடகங்களிடம் பேசினார்கள். எதிர்ப்பு எல்லாம் பதிவாகி இருந்தது. நாடாளுமன்றத்திலும் எச்சரிக்கை எழுந்திருந்தது.

நாடாளுமன்ற எச்சரிக்கையில் வந்த ஓர் எண்ணைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. மீதொட்டமுல்லவில் 23 மில்லியன் தொன் குப்பை இருப்பதாக அப்போது சொல்லப்பட்டது, உலகச் செய்தி நிறுவனங்கள் அதை அப்படியே திரும்ப எழுதின. நாளுக்கு 800 தொன் வீதம் எட்டு ஆண்டுகளுக்குப் பெருக்கினால் வருவது ஏறத்தாழ 2.3 மில்லியன் தொன். எங்கோ ஒரு பூச்சியம் கூடிவிட்டது. பத்து மடங்கு பிழையான எண்ணை யாரும் நிறுத்திக் கேட்காத அளவுக்குத்தான் நம்மிடம் குப்பை பற்றிய கணக்கு இருந்தது. பெரும்பாலான குப்பைமேடுகளின் வாசலில் எடைத்தராசு கிடையாது. லொறிகளின் எண்ணிக்கையை வைத்து ஊகிக்கிறார்கள்.

மீதொட்டமுல்ல தனி நிகழ்வு அல்ல என்பதும் அன்றைக்கே தெரிந்ததுதான். 2000 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பயாத்தாஸ் மேடு சரிந்து இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2005 பெப்ரவரியில் இந்தோனேசியாவின் லெவிகாஜாவில் 140க்கு மேல். மீதொட்டமுல்லவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, 2017 மார்ச்சில், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் கோஷே மேட்டில் நூற்றுக்கு மேல். அதற்குப் பிறகும், 2024 ஓகஸ்டில், உகண்டாவின் கம்பாலாவில் கிடீசி மேடு. எல்லாமே ஈரமான, கலந்த குப்பையைத் திறந்த வெளியில் உயர உயரக் குவித்த நகரங்கள். மழையும் பெரும்பாலானவற்றில் வந்து போகிறது.

சரிவு நடந்த சில நாட்களில் குப்பை அகற்றல் அத்தியாவசிய சேவை என வர்த்தமானி வந்தது. ஆனால் கொழும்பின் குப்பைக்குப் போக இடமில்லை. கரதியானவுக்கும் முத்துராஜவெலப் பக்கமும் லொறிகள் திருப்பப்பட்டன, அங்குள்ளவர்கள் மறித்தார்கள். வீதியோரங்களில் பைகள் மலிந்தன. அதே ஆண்டில் நாடு அதுவரை காணாத டெங்குப் பரவல் வந்தது: 186,101 பேருக்கு நோய், 400க்கு மேற்பட்ட மரணங்கள். பரவலுக்கு மழையும் வைரஸின் வகை மாற்றமும் காரணங்கள். என்றாலும் யோகர்ட் கோப்பை, சிரட்டை, பிளாஸ்டிக் போத்தல், பாதி திறந்த பொலித்தீன் பை என மழைநீர் தேங்கிய ஒவ்வொன்றும் நுளம்புக்குத் தொட்டிலாயிற்று. இறந்தோர் தொகையில் டெங்கு மீதொட்டமுல்லவைப் பன்மடங்கு விஞ்சியது. அந்த மரணங்களை எவரும் குப்பையின் கணக்கில் எழுதவில்லை.

2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை தடை செய்யப்பட்டன. திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதும் குற்றமாயிற்று. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் முதல் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு வரை பட்டியல் நீண்டது. சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் சோற்றுப் பார்சல் எதில் சுற்றித் தரப்படுகிறது என்று பார்த்தால் மற்றது விளங்கும்.

பெரிய தீர்வுகளுக்கு வருவோம். முதலாவது, குப்பையைத் தூரத்துக்கு அனுப்புவது. கொழும்பிலிருந்து 170 கிலோமீற்றர் தள்ளி, புத்தளத்தின் அருவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டி விட்ட குழிகள் இருக்கின்றன. அங்கே சுகாதார முறையிலான நிலநிரப்பு அமைத்துப் புகையிரதத்தில் குப்பையைக் கொண்டு செல்வதே திட்டம். பக்கத்தில் வில்பத்துக் காடு. ஏற்கெனவே சீமெந்துத் தொழிற்சாலைத் தூசியையும் அனல் மின் நிலையத்தையும் சுமக்கும் புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். கொழும்பு தன் எச்சிலையைத் தங்கள் முற்றத்தில் போடுகிறது என்பதே அவர்களின் வாதம், அதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. 2019 ஓகஸ்டில் புகையிரதம் வரவில்லை, லொறிகள் வந்தன. வழியெல்லாம் கறுப்பு நீர் ஒழுகியதாக முறைப்பாடுகள். ஒக்டோபர் 7ஆம் திகதி அங்கே வெடிப்பு ஏற்பட்டது. தேங்கிய வாயுவே காரணம் என்று சொல்லப்பட்டது. பாரமான ஈரக் குப்பையை 170 கிலோமீற்றர் சுமப்பதென்றால் அதில் பெரும்பகுதி நாம் தண்ணீரைச் சுமக்கிறோம் என்று பொருள். மீதேன் ஊறுவது பயணத்தால் நிற்பதில்லை.

இரண்டாவது, எரித்து மின்சாரம் எடுப்பது. கெரவலப்பிட்டியவில் 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்ட நிலையம் 10 மெகாவோற் மின்சாரம் தருகிறது, நாளுக்கு 600 முதல் 700 தொன் குப்பையை உட்கொள்கிறது. கொழும்பின் தினசரிச் சுமையை அது தாங்கிக்கொண்டது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஈரமான சோறும் வாழைத்தோலும் நன்றாக எரிவதில்லை. இத்தகைய நிலையங்களில் குப்பையை முதலில் பெரிய குழியில் சில நாட்கள் கிடத்தி நீர் வடிய விட்ட பிறகே உலைக்கு எடுக்க முடியும். வடிந்த நீரைச் சுத்திகரிக்கத் தனிச் செலவு. எரிந்த பின் சாம்பலுக்குத் தனி இடம். ஒப்பந்தப்படி நிலையத்துக்குத் தினமும் தீனி போட வேண்டும் என்பதால், குப்பையைக் குறைக்கும் அவசரம் நகரத்துக்கு மெல்லப் போய்விடும் ஆபத்தும் உண்டு. கொழும்பைத் தாண்டினால் இந்த அளவு உலைக்குப் போதிய குப்பை சேரும் நகரம் நாட்டில் எத்தனை?

மூன்றாவது வழி நம்மிடம் வெகு காலமாக இருக்கிறது. 2008இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை பிலிசறு திட்டத்தைத் தொடங்கி நாடெங்கும் கூட்டுப்பசளை நிலையங்களை அமைத்தது. பலாங்கொடை நகர சபையின் நிலையம் ஒழுங்காக நடந்து, பசளை விற்று, வெளியூர்ச் சபைகள் வந்து பார்த்துப் போகும் இடமானது. பல நிலையங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. காரணம் இயந்திரத்தில் இல்லை. கலந்து வந்த குப்பையைக் கூட்டுப்பசளையாக்கினால் உள்ளே கண்ணாடித் துண்டும் பொலித்தீன் கிழிசலும் பற்றரியின் உலோகமும் சேர்ந்து வரும். அந்தப் பசளையை வயலில் வெறுங்காலோடு இறங்கும் விவசாயி வாங்க மாட்டார், வாங்கவும் கூடாது.

2021இல் இந்தக் குறைக்கு நாடு கொடுத்த விலை வெளிப்படையாகத் தெரிந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டது. சேதனப் பசளைக்கு ஆலாய்ப் பறந்த அரசு சீன நிறுவனம் ஒன்றிடம் அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள். கப்பலில் வந்த சரக்கு இறக்கப்படவில்லை. தகராறு வளர்ந்து, கடைசியில் டொலர் பஞ்சத்தின் நடுவே 60 இலட்சம் டொலருக்கு மேல் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க நேர்ந்தது. அதே மாதங்களில் நாளுக்கு ஆயிரக்கணக்கான தொன் உக்கும் கழிவு பொலித்தீனோடு கலந்து நம் குப்பைமேடுகளில் கிடந்தது. முழு நாட்டின் பயிருக்கும் அது போதியிருக்காது, ஒரே இரவில் சேதன விவசாயத்துக்கு மாறலாம் என்ற நினைப்பே பிழை. ஆனாலும் கப்பலுக்குக் கொடுத்த பணத்தில் எத்தனை சபைகளின் நிலையங்களைத் திருத்தியிருக்கலாம் என்பதை யாராவது கணக்குப் பார்த்திருக்கலாம்.

குப்பை வண்டி வராத பாதி நாட்டுக்கு வருகிறேன். அங்கே மாலையில் வளவைக் கூட்டிச் சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துவது அன்றாடப் பழக்கம். நுளம்பு போகும் என்றும் சொல்லிக்கொள்வார்கள். வளவு நெருப்பின் சூடு குறைவு, காற்றும் சீராகக் கிடைக்காது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் அதில் எரியும்போது டயொக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. தகுந்த உலைகளில் இதைத் தடுக்கவே 850 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் புகை வடிகட்டிகளும் வைக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். இரண்டு முதல் நாற்பது வீடுகள் வரை பீப்பாயில் தினமும் எரிக்கும் குப்பை, நாளுக்கு ஏறத்தாழ 180 தொன் எரிக்கும் நவீன நகர உலை ஒன்று வெளியிடும் அளவு டயொக்சினை வெளியிடலாம் என்பதே அவர்கள் கண்டது. அந்த நஞ்சு சாம்பலோடு மண்ணில் படியும். அதே மண்ணைக் கிளறும் வீட்டுக்கோழியின் முட்டையில் சேரும். ஊர்முட்டை உடம்புக்கு நல்லது என்று பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் கோழி எங்கே கிளறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மேடுகளுக்குத் திரும்புவோம். நாட்டில் 340க்கு மேற்பட்ட உள்ளூராட்சி சபைகள் உண்டு. சட்டப்படி அவை அள்ளிய குப்பை அவற்றின் சொத்து, அகற்றும் பொறுப்பும் அவற்றுக்கே. கண்டியின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கோஹாகொடவில், மகாவலியின் கரையில் குவிகிறது. யாழ்ப்பாணத்தின் கல்லுண்டாய் வெளியில் அடிக்கடி தீப்பற்றுகிறது. மட்டக்களப்பின் திருப்பெருந்துறை மேடும் எரிந்திருக்கிறது. 2017இல் அரசே சொன்ன கணக்குப்படி யானைகள் நடமாடும் பகுதிகளை ஒட்டி மட்டும் 54 மேடுகள். இவற்றுள் பெரும்பாலானவை இன்னும் சிறியவை. 2009இல் மீதொட்டமுல்லவும் சிறியதாகவே இருந்தது. தாழ்ந்த நிலம், பெறுமதி குறைந்த நிலம், எதிர்த்துப் பேச வலுவில்லாதோர் குடியிருக்கும் அயல்: சபைகள் குப்பைக்கு இடம் தேடும்போது இவை மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. தாழ்ந்த நிலமென்றால் நீர் நிற்கும் நிலம். மென்மையான மண்ணும் அங்கேதான்.

வீட்டில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குப் பதில் கடினமானதல்ல, எரிச்சலூட்டுவது. உக்கும் கழிவைப் பொலித்தீனுக்குள் கட்டாமல் தனி வாளியில் போட வேண்டும். வளவு உள்ளவர்கள் துளையிட்ட பீப்பாயில் சருகும் கழிவும் மாறி மாறி அடுக்கி, வாரத்துக்கொரு முறை கிளறினால் போதும். நாற்றம் வந்தால் காற்றோ சருகோ போதவில்லை. மாடி வீட்டுக்காரர்களுக்கு இது கைகூடாது, அவர்கள் சபையையே நம்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். பல ஊர்களில் பச்சை வாளியும் செம்மஞ்சள் வாளியும் வைத்துப் பிரித்துக் கொடுத்தவர்கள், இரண்டும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் கொட்டப்படுவதைக் கண்டு கைவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உக்கும் கழிவுக்கு ஒரு நாள், மற்றதற்கு வேறு நாள் என்று வண்டி வந்தால் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படாது. தேர்தல் காலத்தில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் வீதி விளக்கைப் பற்றிக் கேட்பவர்கள் இந்த நாட்களைப் பற்றியும் கேட்கலாம்.

குப்பைமேட்டின் நிழலில் வாழ்பவர்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லாமல் போகலாம். மேட்டின் உச்சியிலோ சரிவிலோ புதிய நீள வெடிப்பு, வீட்டு நிலத்தில் அல்லது சுவரில் திடீரென விரியும் கீறல், அடிவாரத்து மண் புடைத்தெழுவது, மின்கம்பமோ மரமோ சாய்வது, முன்பு இல்லாத இடத்தில் கறுப்பு நீர் கசிவது, மழை விட்ட பிறகும் அது நிற்காமல் ஓடுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்றும் பண்டிகையென்றும் பார்க்காமல் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து சரிவைப் பரிசோதிக்க வேண்டுமென எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைத் திகதி முத்திரையோடு கையில் வைத்திருக்க வேண்டும்.